ரெக்கார்டு ரூம் ஜன்னலில் கேட்கும் கேள்விகள்: நர்சிங் ஹோமும் கேஸ் ஷீட்டும்

பழைய வண்ணாரப்பேட்டையில் 30 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமின் ரெக்கார்டு ரூமில் 22 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ரூம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படிக்கு அடியில் நான்கு இரும்பு ரேக், ஒரு மேஜை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கீழே உள்ள கேள்விகளில் பாதி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நோயாளிகளும் சொந்தக்காரர்களும் கேட்டவை. மீதி, பக்கத்து நர்சிங் ஹோம்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் போன் போட்டுக் கேட்டவை. பிரிக்காமல் கலந்தே எழுதியிருக்கிறேன்.

நர்சிங் ஹோம் என்றால் முதியோர் இல்லமா?

நம் ஊரில் இல்லை. வெளிநாடுகளில் அந்தப் பெயருக்கு வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று பொருள். தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒருவர் "நர்சிங் ஹோம்ல சேர்த்திருக்கோம்" என்றால் அது சின்னத் தனியார் ஆஸ்பத்திரிதான். முதியோர் இல்லம் பற்றிப் பின்னால் தனியாக ஒரு கேள்வி வருகிறது.

ஓபி சீட்டு, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் ஒன்றுதானே?

ஓபி சீட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகிறவருடையது. கேஸ் ஷீட், படுக்கையில் சேர்ந்த நிமிடத்திலிருந்து கிளம்பும்வரை எழுதப்படும் மொத்தக் கட்டு. டிஸ்சார்ஜ் சம்மரி அந்தக் கட்டின் ஒன்றிரண்டு பக்கச் சுருக்கம். "சம்மரிதான் கையில இருக்கே, கேஸ் ஷீட் எதுக்கு?" என்பார்கள். சம்மரியில் "ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல் இருந்தது, சரியானது" என்று ஒரு வரி இருக்கும். காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாள், எந்த ஊசிக்கு அடங்கியது, எந்த ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது என்பது அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும். சாதாரணக் காய்ச்சல் கேஸுக்குச் சம்மரி போதும். ஆபரேஷன், ஐசியு, பிரசவத்தில் சிக்கல் என்றால் கேஸ் ஷீட் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முழுமையான கேஸ் ஷீட் என்றால் என்னென்ன இருக்க வேண்டும்?

முகப்புத் தாள், அட்மிஷன் நோட், டாக்டர் தினமும் எழுதும் குறிப்பு, ட்ரீட்மென்ட் சார்ட், பிரஷர் டெம்பரேச்சர் சார்ட், உடம்புக்குள் போன நீருக்கும் வெளியேறிய நீருக்கும் கணக்கு, சிஸ்டர்களின் குறிப்பு, லேப் ரிப்போர்ட், கையெழுத்திட்ட கன்சென்ட் (சம்மதப் படிவம்). ஆபரேஷன் என்றால் ஆபரேஷன் நோட்டும் மயக்க மருந்து சார்ட்டும். கடைசியில் சம்மரியின் நகல். இத்தனை தாளும் இருக்கிறதா என்று எண்ணிவிடலாம். அது சுலபமான வேலை. எல்லாத் தாளும் இருந்தும் கட்டு வெறுமையாக இருக்கலாம், தொல்லை அங்கேதான்.

பல வருடத்துக்கு முன்னால் காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. இரவு பதினொன்றரைக்கு நெஞ்சு வலி. டியூட்டி டாக்டர் ஈசிஜி எடுத்து, மாரடைப்பு என்று புரிந்து, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கொடுத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு, 108-ல் ஏற்றி ஸ்டான்லிக்கு அனுப்பினார். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, அதே ஸ்டான்லிதான். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. சற்று நேரத்தில் அங்கிருந்து போன்: "ஹெப்பாரின் எத்தனை மணிக்குப் போட்டீங்க? எத்தனை யூனிட்?" அந்த நேரம் பார்த்து டாக்டரும் சிஸ்டரும் தியேட்டரில் ஒரு அவசர சிசேரியனில் இருந்தார்கள். போனை எடுத்த வார்டு ஆயா கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஹெப்பாரின் என்ற வரிக்கு நேரே, நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு டிக். வெறும் டிக். மணி இல்லை, அளவு இல்லை, போட்டவரின் இனிஷியல் இல்லை. கூட அனுப்பிய கடிதத்தில் "தேவையான முதலுதவி அளிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. டாக்டர் தியேட்டரிலிருந்து வெளியே வந்து பதில் சொல்வதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பேரை மறைத்து அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு சிஸ்டரிடமும் அந்த டிக்கைக் காட்டி, "இதை வெச்சுக்கிட்டு அடுத்த டோஸ் போடுவியாம்மா?" என்று கேட்பேன். கேஸ் ஷீட்டை எழுதுகிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். படிக்கப்போகிறவர் அந்த ராத்திரி அங்கே இல்லாதவர். காலை ஷிப்ட் சிஸ்டர், ஸ்டான்லி டாக்டர், ஆறு மாதம் கழித்து வரும் இன்சூரன்ஸ்காரர், இவர்களில் யாராவது ஒருவர். அவருக்கு டிக் எதையும் சொல்லாது.

எழுதும்போது தப்பாகிவிட்டால் வைட்னர் போடலாமா?

கூடாது. பிளேடால் சுரண்டுவதும் கூடாது, தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதிச் சொருகுவதும் கூடாது. தப்பான வரி படிக்கத் தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதன் கீழ் கையெழுத்து, தேதி, மணி. எழுத மறந்ததை மறுநாள் எழுதலாம். மறுநாள் தேதி போட்டு, "தாமதமாக எழுதியது" என்று சேர்த்து எழுத வேண்டும். நல்ல எண்ணத்தில் திருத்திய வைட்னர் கறைகூட, வழக்கு என்று வந்தால், மறைத்ததாகத்தான் தெரியும்.

பெயர் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது?

நம் இனிஷியல் முறை இருக்கிறதே, அதுதான் ரெக்கார்டு ரூமின் பெரிய எதிரி. ஆதாரில் "முருகன் ரா", காப்பீட்டு அட்டையில் "ஆர். முருகன்", லேப் ரிப்போர்ட்டில் "முருகன்", போன தடவை வந்தபோது வீட்டுப் பெயர் "குமார்". நான்கு பேராக நான்கு கட்டு. இன்னொரு பக்கம், ஒரே வார்டில் எதிரெதிர் கட்டிலில் இரண்டு லட்சுமி. பெயரை நம்பாமல் ஐபி நம்பரை, அதாவது படுக்கையில் சேரும்போது கொடுக்கும் எண்ணை, நம்புங்கள். ஒவ்வொரு தாளிலும், தாளின் பின்பக்கம் எழுதினால் அங்கேயும், பெயர், வயது, ஐபி நம்பர் மூன்றும் வேண்டும். அட்மிஷனில் பெயர் எழுதும்போது அட்டையை வாங்கிப் பார்த்து எழுத வேண்டும். பெண்களுக்கு அப்பா பெயரா வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டு, போன தடவை எழுதியதோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அட்மிஷன் நோட்டில் எழுதிய ஒரு வரியால் இன்சூரன்ஸ் கிளெய்ம் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இந்த ஜன்னலில் பெரிய சண்டைகள் அதற்குத்தான் வருகின்றன. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் டியூட்டி டாக்டர், "சுகர் எத்தனை வருஷமா?" என்கிறார். "அது ஒரு பத்து வருஷமா இருக்கும் சார்." எழுதியாகிவிட்டது: 10 வருடமாகச் சர்க்கரை. பாலிசி எடுத்து மூன்று வருடம்தான் ஆகிறது. பாலிசி எடுக்கும்போது இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள் என்று கம்பெனி கையை விரிக்கும். உண்மையில் சர்க்கரை கண்டுபிடித்தது போன வருடம்தான்.

மருந்து எளிது. "தகவல் சொன்னவர் யார், என்ன உறவு" என்று அட்மிஷன் நோட்டில் ஒரு வரி. உறுதியாகத் தெரியாவிட்டால் "காலம் சரியாகத் தெரியவில்லை" என்றே எழுதலாம், வெட்கமில்லை. நோயாளி தெளிந்ததும் மறுபடி கேட்டு, தேதி மணியுடன் தனிக் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர்களும் உதவலாம், தெரியாத கேள்விக்கு "இருக்கும் சார்" என்று உத்தேசமாகச் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு "அந்த 10-ஐ 1 ஆக்கிக் கொடுங்க" என்று வருகிறவர்கள் உண்டு. அது முடியாது. பழைய ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் ஏதாவது கொண்டுவந்தால், அதை ஆதாரமாகக் காட்டி டாக்டர் தனியாக ஒரு விளக்கக் கடிதம் தரலாம்.

கன்சென்ட் ஃபார்மில் வெறும் கையெழுத்து போதுமா?

வெறும் ஃபார்மில் கையெழுத்து வாங்குவது வழக்கமாக இருக்கிறது, தவறான வழக்கம். எந்த ஆபரேஷன், யார் விளக்கினார், எந்த மொழியில், சாட்சி யார் என்பதெல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதம் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு மயக்கத்தில் இருந்தபோதே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு அது.

நகல் கேட்டால் தர வேண்டுமா? எத்தனை நாளில்?

தர வேண்டும். 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் இதை 5 வேலை நாள் ஆக்கின. அந்த விதிகள் அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிகளே திரும்ப வந்தன. அதனால் யாராவது "அஞ்சு நாள் ஆகும்" என்றால், மூன்று நாள் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

வாயால் கேட்டுவிட்டுப் போனால் கணக்கு தொடங்காது. ஒரு வெள்ளைத் தாளில் நோயாளி பெயர், ஐபி நம்பர், சேர்ந்த தேதி, கிளம்பிய தேதி, என்னென்ன நகல் வேண்டும் என்று எழுதி, அடையாள அட்டை நகல் வைத்து, இரண்டு பிரதி கொண்டுவாருங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் சீல், தேதி, மணி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீலிலிருந்துதான் 72 மணி ஓடும். ஒரிஜினல் கட்டு ஆஸ்பத்திரியில்தான் இருக்கும்; அதைக் கொடு என்று சண்டை போட வேண்டாம். ஜெராக்ஸ் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பில் பாக்கி இருக்கிறது. அதைக் காட்டி ரெக்கார்டு தர மறுக்கலாமா?

அந்த 2002 விதியில் "பில் கட்டியிருந்தால்" என்ற நிபந்தனை கிடையாது. பாக்கி ஒரு கணக்கு, ரெக்கார்டு வேறு கணக்கு. எங்கள் கேஷ் கவுன்டரே இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு முதலாளி காலம் ஆனது. கொடுக்கவே மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு கொடுக்கும் இணை இயக்குநர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடலாமா?

நோயாளி கேட்கலாம். அவர் எழுத்தில் அனுமதித்தவர் கேட்கலாம். சின்னப் பிள்ளைக்குப் பெற்றோர், இறந்தவருக்குச் சட்டப்படியான வாரிசு. கோர்ட்டும் போலீஸும் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

ஒருநாள் இரண்டு பெரியவர்கள் வெற்றிலைத் தட்டு வாங்கப் போகிறவர்கள் போல வேட்டி சட்டையில் வந்தார்கள். "தம்பி, எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, இங்க ஏதோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டாளாம். சும்மா என்னன்னு பாத்துச் சொல்லுங்க." ஆயிரம் ரூபாயும் நீட்டினார்கள். அந்தப் பெயரில் யாரும் இங்கே சேர்ந்தார்களா என்பதைக்கூடச் சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லக்கூடாது. இல்லை என்பதும் ஒரு தகவல்தான், அடுத்த தடவை நான் சும்மா இருந்தால் "ஆமாம்" என்று எடுத்துக்கொள்வார்கள். எச்ஐவி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017-ம் ஆண்டுச் சட்டமே தனியாகப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அட்டையின் மேல் சிவப்பில் எழுதி ஊருக்கே காட்டுவது குற்றத்துக்கு நெருக்கமான வேலை.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

படுக்கையில் சேர்ந்தவர்களின் ரெக்கார்டு, சிகிச்சை தொடங்கிய தேதியிலிருந்து 3 வருடம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் ஸ்கேன் சென்டர் வைக்கும் பதிவுகள் 2 வருடம், கருக்கலைப்புப் பதிவேடு 5 வருடம். அடிதடி, விபத்து, விஷம் என்று போலீஸ் கேஸாக வந்தவை வழக்கு முடியும்வரை. இதெல்லாம் குறைந்தபட்சம். பிரசவ ரெக்கார்டுகளை நான் தூக்கிப் போடுவதே இல்லை, முதலாளி இடமில்லை என்று எவ்வளவு சொன்னாலும்.

வடசென்னை மழையில் காகிதத்தை எப்படிக் காப்பது?

2023 டிசம்பர் 3, 4-ல் மிக்ஜாம் புயல் மழை. வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதைகள் நிரம்பி, தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். எங்கள் மாடிப்படி அடியிலும் சாக்கடை கலந்த தண்ணீர் ஏறி, ரேக்கின் கீழ்த்தட்டு இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. அப்போது ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பால் பாயின்ட் பேனாவால் எழுதியது அத்தனையும் தப்பியது. ஜெல் பேனாவில் எழுதிய டாக்டரின் குறிப்புகள் நீல மேகமாக மிச்சமிருந்தன. அன்றிலிருந்து வார்டில் ஜெல் பேனாவைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்கிறேன். சிஸ்டர்களுக்கு என் மேல் கோபம்தான்.

நனைந்த கட்டை வெயிலில் பரப்பாதீர்கள், அப்பளமாகச் சுருண்டுவிடும். நூலை அவிழ்த்து, தாள்களுக்கு நடுவே வெற்றுத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, ஈரம் இழுத்த வெற்றுத் தாள்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டதை இழுத்துப் பிரிக்கக்கூடாது. காய்ந்ததும் முதல் வேலை ஸ்கேன். இப்போது எங்கள் ரேக்கில் தரையிலிருந்து இரண்டடி வரை எதுவும் இல்லை. கரையான் கதை தனி; ரேக்கைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

ஈசிஜி தாள் வெள்ளையாகிவிட்டது. என்ன செய்வது?

போனது போனதுதான். அது வெப்பத்தில் கறுக்கும் தாள், நாளானால் வெளுக்கும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸையும் கேஸ் ஷீட் கட்டுக்குள் வைக்க வேண்டும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். மிஷின் சூட்டில் மொத்தமும் கறுப்பாகி வெளியே வரும். தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் அப்பாவின் ஈசிஜியை அப்படிக் கொண்டுவந்தார், கரும்பலகை மாதிரி.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்ததா?

தேடுவது தீரும், நிஜம். முன்பு அரை மணி தேடிய கட்டு இப்போது அரை நிமிடத்தில் கிடைக்கிறது. ஆனால் டிக்கை ஸ்கேன் செய்தாலும் டிக்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வரையே ஹேக்கர்கள் முடக்கிவிட்டார்கள். அத்தனை பெரிய இடம் நாள் கணக்கில் பேனாவும் தாளுமாக ஓடியது. எனவே நகல் இரண்டு இடத்தில், ஒன்று இணையத்தோடு சேராத ஹார்டு டிஸ்க்கில். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஏதாவது ஒரு கட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பேக்கப் எடுப்பவர்கள் நிறைய, திறந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும், மானிட்டரில் ஒட்டிவைக்காமல்.

மத்திய அரசின் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணான ஆபா எண் எடுத்திருந்தால், அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டுகளை நீங்கள் சம்மதித்தால் மட்டும் இன்னொரு டாக்டர் பார்க்கலாம். வாட்ஸ்அப் சௌகரியம்தான். ஆனால் வார்டு குரூப்பில் நோயாளி பெயரோடு ரிப்போர்ட் போடுவது, மார்க்கெட்டில் நின்று சத்தமாகப் படிப்பது மாதிரி.

அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே என்ன கேட்க வேண்டும்?

ஒரே ஒரு தாள். என்னென்ன நோய், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் எந்த வேளை, எதற்கு ஒவ்வாமை, கண், காது, பல் செட் விவரம், யாருக்குப் போன் போட வேண்டும். மாத்திரை மாறும்போதெல்லாம் புதுத்தாள், மேலே தேதி. 108 வந்தால் அம்மாவோடு அந்தத் தாளும் வண்டியில் ஏற வேண்டும். "ஆபீஸ் ரூம் பூட்டியிருக்கு, சாவி மேனேஜர்கிட்ட" என்கிற இடமாக இருந்தால், கட்டில் தலைமாட்டில் இன்னொரு பிரதியை நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள்.

வீட்டில் எப்படி வைத்திருப்பது? கட்டைப்பை நிறைய இருக்கிறதே.

கட்டைப்பை இருக்கட்டும். அதில் புதியது மேலே, பழையது கீழே. எக்ஸ்ரேயை மடிக்காதீர்கள். ஒவ்வொரு சம்மரியையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். சின்ன நர்சிங் ஹோம் மூடிவிடுவதும் உண்டு, டாக்டர் வயதாகி, பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டில் ஆகி. மூடிய கதவுக்கு வெளியே நின்று 72 மணி என்று சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷன் நகலை அன்றே வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எப்போது வந்தால் ஜன்னலில் கூட்டம் இருக்காது?

காலையில் டிஸ்சார்ஜ் கூட்டம். ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போவேன். மூன்று மணிக்கு மேல் வாருங்கள், ஐபி நம்பரோடு. "போன ஆடியில சேர்ந்தோம், நீலக்கலர் புடவை கட்டியிருந்தாங்க" என்றாலும் தேடிக் கொடுப்பேன், கொஞ்சம் நேரமாகும்.